சிவப்புப் பூசிய தோட்டா

ஓரின் ஹாக்ஸ்டட் நகப்பூச்சு பூசிக்கொண்டிருக்கிறார். விரலுக்கு அல்ல, பித்தளைத் தோட்டாக்களின் அடியில், ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பள்ளிப் பேருந்துகளுக்கு எஞ்சின் பார்த்துக் காய்த்துப்போன கை அது. டக்கர் கிரீக் ஊர்க் காபிக்கடையில் கூடுபவர்கள் சும்மா விடுவார்களா? "கால் விரலுக்கும் போட்டுவிடட்டா?" என்பார்கள். "உன் பொண்டாட்டிக்குப் போய்ப் போட்டுவிடு" என்பார் இவர், நிமிராமல்.

விளையாட்டில்லை அது. கடைத் தோட்டாவின் உறையை வாங்கி, கழுத்தை அச்சில் அழுத்தி ஒடுக்கி, வேர்க்கடலைப் பருப்பளவு குண்டு வைத்து, எந்தக் கம்பெனியும் செய்யாத ஒரு தோட்டாவைச் செய்திருக்கிறார். ஆனால் அடியில் பழைய கம்பெனியின் முத்திரை அப்படியே இருக்கும். அதை நம்பி எவனாவது வேறு துப்பாக்கியில் திணித்தால் விபரீதம். அதனால்தான் சிவப்பு. தோட்டாவுக்கு மனைவியின் பெயர்: இங்கா. நகப்பூச்சும் அவளுடையதுதான்.

மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டிச் சல்லடையாக்கும் தரை அணில் என்றால் நானூறு கஜம் வரைதான் சுடுவார். கன்றுக்குட்டியைச் சுற்றும் கயோட் நரிக்கு அதில் பாதி. வயோமிங் காற்று ஒரு புல்லை அசைத்தாலும் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுவார். "இன்னும் தூரத்துல அடிக்க முடியாதா?" என்று கேட்டால் முகம் சிவந்துவிடும். "குண்டு போய்ச் சேரும்யா. சாவு போய்ச் சேராது."

இது இங்காவின் தம்பி வெண்டலுக்குத் தெரியாததா? இந்தத் தோட்டா பொருந்தும்படி அவன் துப்பாக்கிக்குக் குழல் குடைந்து கொடுத்ததே இவர்தான். அந்தப் புண்ணியவான் எண்ணூறு கஜத்தில் ஒரு கவைக்கொம்பு மானைச் சுட்டுவிட்டு, விழுந்ததா இல்லையா என்றுகூடப் போய்ப் பார்க்காமல், காபிக்கடையில் வந்து மார்தட்டினான்: "இங்கா என்னா அடி அடிச்சா தெரியுமா!"

மான் சாகவில்லை. பண்ணைக்காரி மார்வெல் குவிஸ்ட் தன் வேலியோரம் கண்டபோது அதற்குத் தாடை இல்லை, உயிர் இருந்தது. அதைச் சுட்டு முடித்துவிட்டு நேரே ஓரின் வாசலுக்கு வந்தாள். "உங்க இங்கா செஞ்ச வேலைய வந்து பாருங்க!" மாவுக்கையோடு கதவருகே நின்ற இங்கா அதைக் கேட்டாள். உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறன்று வெண்டல் ஓரினின் பட்டறைக்கு வந்தான். "அத்தான், என் தோட்டா ரெடியா?"

"தாடையில்லாம அந்த மான் எப்படிடா புல்லு திங்கும்?"

"காத்து மாறிடுச்சு அத்தான். வேட்டைன்னா இதெல்லாம் சகஜம்."

"சகஜமா? வெக்கங்கெட்டவனே! அணிலுக்குச் செஞ்சதை மானுக்குப் போட்டுட்டு, காத்து மேல பழி போடுறியா?"

குண்டு கழற்றும் சுத்தியலை எடுத்தார். வெண்டலுக்கென்று வைத்திருந்த தோட்டா ஒவ்வொன்றையும் அதில் மாட்டித் தரையில் தட்டி, குண்டைப் பிரித்து, வெடிமருந்தை வாளித் தண்ணீரில் கொட்டினார்.

"ஐயோ அத்தான், குளிர்காலம் பூரா உக்காந்து செஞ்சீங்களே! அக்கா, நீயாவது சொல்லேன்!"

இங்கா வந்தாள். கையில் பஞ்சும் நகப்பூச்சு அழிக்கும் புட்டியும். தம்பியை ஏறெடுத்தும் பார்க்காமல் கணவர் எதிரே உட்கார்ந்து, காலியான உறையை எடுத்து, அடியிலிருந்த சிவப்பை அழுத்தித் துடைத்தாள்.

வெண்டலின் பெட்டி காலியானதும் ஓரின் எழுந்தார். தன் துப்பாக்கிக்கென்று வைத்திருந்த பெட்டியை இறக்கி, அவள் முன்னால் திறந்து வைத்துவிட்டு, மறுபடியும் சுத்தியலை எடுத்தார்.