வெய்யிலைப் புகழும் வேலை

வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் தொழிலில் மெத்தை, குழாய், கொசுவலை எல்லாம் அப்புறம்தான். முதலில் வானத்தைப் புகழத் தெரிய வேண்டும். அடுத்தவர்களுக்காகச் சிரித்துச் சிரித்தே தாடை நொந்தவர்களே, நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் புரியும்.

முதல் பாடம்

தொண்ணூறுகளின் நடுவில், செங்கம் ரோடு பக்கம் ஒரு விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். பனிக்காலத்தில் அங்கே இத்தாலிக்காரர்கள்தான் ஜாஸ்தி. முதலாளி என்னை நிற்கவைத்து, "கே பெல்லா ஜொர்னாத்தா" என்று சொல்லச் சொன்னார். எவ்வளவு அழகான நாள் என்று அர்த்தமாம். காலையில் யார் கதவைத் திறந்தாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் காப்பியை நீட்ட வேண்டும். அழகாக இல்லாத நாளில் என்ன சொல்வது என்று கேட்டேன். முதலாளி சொன்னார்:

"நாளு எப்படியோ இருந்துட்டுப் போவுது. நீ சொல்றதைச் சொல்லும்மா."

சந்தோஷப்பட்டது தப்பு

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டன. தீபத்தன்றுகூட ஒரு தூறல் இல்லை. அடி அண்ணாமலையில் எங்கள் துண்டு நிலத்தில் சம்பா நெல் கதிர் தள்ளும் நேரம். கிணற்றில் சேறுதான் மிச்சம். வருஷம் முழுக்க நாங்கள் சாப்பிடுகிற அரிசி அதுதான்.

ஒரு நாள் காலையில் மலைக்கு மேல் கருகருவென்று மேகம் திரண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடி அறையில் தங்கியிருந்த கார்லா அம்மாவிடம் ஓடிப்போய், முதல்முறையாக மனசாரச் சொன்னேன்: "கே பெல்லா ஜொர்னாத்தா!" அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் ஊரில் மாசக்கணக்கில் வானம் மூடியே இருக்குமாம். வெய்யிலுக்காகவே கடல் தாண்டி வந்தவரை நான் கேலி பண்ணிவிட்டேனாம். மத்தியானத்துக்குள் மேகம் ஒரு சொட்டு விடாமல் கலைந்துபோனது. முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்:

"மேகத்தைப் பார்த்து யாராவது நல்ல நாளுன்னு சொல்லுவாங்களாம்மா?"

வீட்டுக்காரர் கண்டுபிடிப்பு

அதற்கப்புறம் நான் வாயைத் திறந்தால் வெய்யில் புராணம்தான். கார்லா அம்மா மொட்டைமாடியில் முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்து, "பெல்லோ, பெல்லோ" என்பார். நானும் தலையாட்டுவேன். சாயங்காலம் வயலுக்குப் போனால் தோகையெல்லாம் நுனி கருகி நிற்கும். பிள்ளைகளுக்கு என்னத்தை வடித்துக் கொட்டுவது? ஒரு நாள் தாங்க முடியாமல், பகலெல்லாம் நான் இந்தப் பாழாய்ப்போன வெய்யிலைத்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். கிணற்றில் சேறு வாரிக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார்:

"உன் வாயி பலிக்குது மே. ஒரு நாளைக்குத் திட்டித்தான் பாரேன்."

ஆறுதல்

பொங்கலுக்கு முன்னால் கதிரைக் கசக்கிப் பார்த்தோம். எல்லாம் பதர். மேயட்டுமென்று பயிரில் ஆட்டை ஓட்டிவிட்டோம்.

அடுத்த வாரம் கொட்டியது பாருங்கள் மழை! விடுதி வாசலெல்லாம் வெள்ளம். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, அடக்க முடியாமல் தேம்பித் தேம்பி அழுதேன். கார்லா அம்மா பழைய கோபத்தையெல்லாம் மறந்து ஓடிவந்தார். தன் சால்வையாலேயே என் கண்ணைத் துடைத்தார். எனக்குப் புரியட்டுமென்று அவர் பாஷையிலேயே மெல்ல மெல்லச் சொன்னார். புரிந்தது:

"அழாதே, நாளைக்கு வெய்யில் வந்துடும்."

இத்தனை வருஷத்தில் நல்ல நாளைப் புகழ இத்தாலி பாஷையில் எத்தனையோ விதம் படித்துவிட்டேன், காலம் கடந்து வந்த மழையை எப்படித் திட்டுவதென்று மட்டும் இதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.