ஜிம்முக்கு மெஷின் வந்த காலை

இடுப்புவலிக்கு உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார் டாக்டர். இன்று காலை ஜிம்மில் சேர்ந்தேன். மலைக்கோட்டை தெரிகிற இரண்டாவது மாடி.

இரண்டு கிலோ டம்பெல்லைத் தொட்டதும் மாஸ்டர் ஓடிவந்தார்.

"அண்ணே, கீழ வைங்க! உங்க வயசுக்கு மெஷின்தான். இடுப்பு பிடிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

நியாயமான பேச்சு. மெஷின் எங்கே என்று கேட்டேன்.

"இந்தா, வந்துருச்சுண்ணே."

கீழே மினி லாரி நின்றது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"செத்த ஒரு கை பிடிங்கண்ணே. அம்புட்டும் இரும்பு."

நான்கு பேர் தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் பாரம் முழுக்க என் பக்கம் சாய்ந்தது. இடுப்பில் சுரீரென்றது.

ஒருவழியாக மேலே ஏற்றியதும், மாஸ்டர் மெஷினைத் தட்டிக்கொடுத்தார்.

"இதுல உக்காந்து செஞ்சா இடுப்புக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. உக்காருங்க."

உட்காரத்தான் முடியவில்லை. படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அந்த டம்பெல்லையே தூக்கியிருக்கலாமோ?