சம்ப் படகுக்குச் சாதா பெட்ரோல்

நெய்வேலி மைன்ஸில் படகு ஓடுகிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நிலக்கரி வெட்டிய பள்ளத்தின் அடியில் மழைத்தண்ணீர் ஏரி மாதிரி தேங்கும். அதற்கு சம்ப் என்று பெயர். நடுவே மிதக்கும் பாண்டூன் மேடையில் பம்புகள் இருக்கும். அங்கே போய்வர, ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் பூட்டிய படகு ஒன்று உண்டு. மைன்ஸ் வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஆட்டோ ஷாப்பில் அந்த மோட்டாருக்கு மெக்கானிக் நான்தான். ரிடையர் ஆகும்வரை வேறு யாரையும் அதன்மேல் ஸ்பேனர் வைக்க விட்டதில்லை.

கடைசி வருட ஐப்பசி மழையில் ஒருநாள் வாக்கிடாக்கி அலறியது. பாண்டூனைக் கட்டியிருந்த இரண்டு கம்பிவடங்களில் ஒன்று காற்றில் அறுந்துவிட்டது. பம்ப் ஆபரேட்டர் தனசேகர் மேடையில் மாட்டிக்கொண்டான். இன்னொரு வடமும் போனால் மேடை கவிழும். அவனை அழைத்துவரப் புறப்பட்ட படகோ, இருமி நின்று, துடுப்புப் போட்டுக் கரைக்கே திரும்பியிருந்தது.

படகு இருமினால் என் முதல் சந்தேகம் பெட்ரோல்மேல்தான். என் ஸ்கூட்டிக்குக் காலையில்தான் டேங்க் நிரப்பியிருந்தேன். அதை முழுக்கக் கேனில் இறக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

கரையில் படகோட்டி ஏழுமலை கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன், கான்ட்ராக்ட் ஆள்.

"காலைலேர்ந்து நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சிக்கா. ஆபத்தாச்சேன்னு நல்ல பெட்ரோல ஊத்துனேன், நின்னுபூடுச்சி."

"எதுடா நல்ல பெட்ரோல்?"

கோடையில் டிரையலுக்கு வந்த தொண்ணூற்றைந்து ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல்! அதில் ஒரு கேனைக் கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி எடுத்து வைத்திருக்கிறான். தகரக் கொட்டகையில், மூடிகூடச் சரியாகத் திருகாமல். பாட்டிலில் ஊற்றிப் பார்த்தேன். அடியில் தனியாக ஓர் அடுக்கு நின்றது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். அதைத்தான் மோட்டார் குடித்திருக்கிறது.

என் கேனைப் பார்த்ததும் ஏழுமலைக்கு முகம் மாறியது. "ஸ்கூட்டி பெட்ரோலாக்கா? ஆள் உசுரு விஷயம்க்கா!"

ஷிஃப்ட் இன்ஜினியர் பிரபாகர் சாருக்கு வேறு கவலை. "ஆக்டேன் குறைஞ்சா ஃபுல் த்ராட்டில்ல நாக்கிங் வருமே மேடம்? பாதி வழியில பிஸ்டன் போயிடக் கூடாது."

கேட்க வேண்டிய கேள்விதான். எஞ்சின் மூடியில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். "எண்பத்தேழுன்னு போட்டிருக்கு சார். அது அமெரிக்காக்காரன் கணக்கு. நம்ம கணக்குல தொண்ணூத்தொண்ணு. சாதா பெட்ரோலும் அதேதான், அதுவே போதும்."

"அப்ப ஊத்துங்க."

டேங்க்கையும் கார்புரேட்டரையும் வடித்து, பிளக்கைத் துடைத்து மாட்டினேன். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நானும் ஏறினேன்.

"நீங்க எதுக்கு மேடம்?"

"என் பேச்சை நம்பி ஏழுமலை போறான். நான் கரையில நிக்கவா சார்?"

பயமில்லை என்றால் பொய். காது முழுக்க எஞ்சின்மேல்தான் இருந்தது. நாக்கிங் வந்தால் சிலிண்டருக்குள் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி சத்தம் கேட்கும். ஏழுமலை த்ராட்டிலை முழுசாகத் திருகினான். அந்தச் சத்தம் வரவே இல்லை. என் மோட்டார் சுத்தமாக இழுத்தது. ஆடிக்கொண்டிருந்த மேடையிலிருந்து தனசேகர் எங்கள் படகில் குதித்தபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. இன்றைக்கும் நிமிர்கிறது, அதில் எனக்கு வெட்கமில்லை.

இளம் மெக்கானிக்குகளுக்குச் சொல்கிறேன். ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தும்போது நேரத்துக்கு முன்னால் வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் குணம், அவ்வளவுதான். எஞ்சின் கேட்கிற எண்ணுக்குக் குறையக் கூடாது. அதற்குமேல் கொட்டிக் கொடுத்தாலும் இந்த மாதிரி மோட்டார் கூடுதலாக ஓடிவிடாது. ஆபத்துக்கு என்று பெட்ரோலைப் பூட்டி வைக்காதீர்கள். ஊற்றுவது புதிதாக இருக்கட்டும்.

ஷிஃப்ட் முடிந்தபோது என் ஸ்கூட்டியில் ஒரு சொட்டு இல்லை. வேண்டாம் என்றாலும் தனசேகர் கேட்கவில்லை, பங்க் வரை அவனே தள்ளிக்கொண்டு வந்தான்.

"சாதாவா, பிரீமியமா?" என்றார் பங்க்காரர்.

நான் வாய் திறப்பதற்குள் தனசேகர் சொன்னான்: "சாதாவே போடுங்க. அதுலதான் நான் இன்னிக்கி வூடு போய்ச் சேர்றேன்."