சுட்ட மருந்து

மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து நிற்கும் தாய்மார்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பதுகளில், கிள்ளான் வட்டாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிள்ளைகள் வார்டு நர்ஸாக இருந்தேன்.

ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒருத்தி வந்தாள். இரண்டு வயது மகளுக்குக் காதில் சீழ், விடாத காய்ச்சல். போன வாரம்தான் என் கையாலேயே ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

“காய்ச்சல் விட்டதும் மருந்தத் தூக்கிப் போட்டியா?” எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தேன்.

“ஐயோ, ஒரு வேளகூட தவறல மிஸ்ஸி. வீட்ல பிரிட்ஜ் இல்ல. சீனக் கடை பிரிட்ஜ்லதான் வச்சிருந்தேன். மூணு வேளையும் நடந்து போயி எடுத்தாந்து குடுத்தேன்.”

நான் நம்பவில்லை. டாக்டர் நம்பினார். ஒழுங்காகக் கொடுத்தும் கேட்கவில்லையென்றால் கிருமி இதற்கு மசியவில்லை என்று சொல்லி, இன்னும் பலமான மருந்தை ஊசியாக எழுதினார். ஐந்து நாளைக்கு, தினம் மூன்று.

ஊசித் தட்டோடு போனேன். பிள்ளை என் வெள்ளை உடுப்பைப் பார்த்ததுமே அலறியது.

“கொஞ்சம் பொறுங்க மிஸ்ஸி, மிச்ச மருந்த இன்னொருக்கா குடுத்துப் பாக்குறேன்” என்று அவள் கூடையிலிருந்து புட்டியை எடுத்தாள். பிளாஸ்கிலிருந்து ஆவி பறக்கும் தண்ணீரை மங்குக் கிண்ணத்தில் ஊற்றி, புட்டியை அதில் நிறுத்தினாள்.

“என்னம்மா பண்றே?”

“எப்பவும் நல்லா சூடு காட்டித்தான் குடுப்பேன். ஐஸ்ல இருந்தத அப்படியே குடுத்தா சளி கட்டிக்கும்ல.”

அடக் கடவுளே! தட்டை வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் வந்து புட்டியைத் தொட்டுப் பார்த்தார். சூடு பட்டுப் பட்டு மருந்தின் வீரியமே போயிருக்கும் என்றார். பிள்ளையை மறுபடி சோதித்துவிட்டு, அதே மருந்தைப் புதிதாகக் கலக்கச் சொன்னார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் ஊசிதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் இறங்கியது. பிள்ளை பிஸ்கட் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாயின் முகம் மட்டும் தெளியவில்லை.

“இத்தன நாளா புள்ளைய நோக வச்சது நான்தானா மிஸ்ஸி?”

பிரிட்ஜில் வை என்று சொன்னவள் நான். ஏன் என்று சொல்லாதவளும் நான்தான். “இல்லம்மா, நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்” என்று சமாதானம் சொன்னேன்.

“கேக்கத்தான் மருந்து வாங்குன அன்னைக்கு ரொம்ப நேரம் நின்னேன்” என்றாள். “நீங்க வேற ஒரு அம்மாவ ஏசிக்கிட்டு இருந்தீங்க. பயந்துகிட்டு போயிட்டேன்.”