கடைசிப் பக்கத்தில் பென்சிலால்

பள்ளியில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாவல்களைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உப்பளம் உள்ள ஊரான தில்லையடியில் வீட்டிலிருந்தே துணி தைக்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாவல் நூலகத்தில் எடுப்பேன். எங்கள் நூலகத்து நாவல்களின் கடைசி வெற்றுப் பக்கத்தில், வாசித்தவர்கள் பென்சிலால் ஏதாவது எழுதி வைப்பார்கள். ‘சோக்கான கதை.’ ‘எண்பதாம் பக்கம் வரை பொறுமையாக இருங்கள்.’ ‘எடுக்க வேண்டாம், நான் எடுத்துப் பட்டது போதும்.’ யார் எழுதியது என்று தெரியாது. பத்திரிகை விமர்சனத்தைவிட எனக்கு அந்தப் பக்கத்தில்தான் நம்பிக்கை. நாலு பேருக்கு முன் வாய் திறக்காத நானும் அங்கே தாராளமாக எழுதிவந்தேன். புத்தகத்தில் எழுதினால் அங்கத்துவ அட்டை பறிக்கப்படும் என்று சுவரில் அறிவித்தல் இருந்தது. அது பேனாவுக்கு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு காலை, புத்தகம் திருப்பிக் கொடுக்க நின்றபோது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் உப்பளத்தை வைத்து ஒரு நாவல் எழுதியவர். தன் புத்தகத்தை யாராவது எடுக்கிறார்களா என்று பார்க்க அவருக்கு ஆசை. நூலகப் பொறுப்பாளர் மிஸ் அதை எடுத்துக் கொடுத்தார். அவர் நேரே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அதில் இருந்தது என் எழுத்து மட்டும்தான்.

சத்தமாகவே வாசித்தார். “தாய் கடிதம் வாசிக்கும் இடத்தில் அழுதேன். ஆனால் கொட்டும் மழையில் உப்பு வாரிக்கொண்டே அவன் கலியாணம் கேட்கிறான். மழையில் பாத்தியில் உப்பு ஏது? கரைந்துபோயிருக்கும். வெயில் நாளில் கேட்டிருக்கலாம்.”

மிஸ் அந்த எழுத்தைப் பார்த்தார். பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் அக்காவைத் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவோம்.

“தாத்தா, இது உங்கட எழுத்துத்தானே? பொய் செல்லாதீங்க.”

“ஓம், மிஸ்.”

“சுவர்ல போட்டிரிக்கிறது கண்ணுக்குத் தெரியல்லயா? அட்டையத் தாங்க.”

கொடுத்தேன். புத்தகம் வாங்க எனக்கு வசதியில்லை. அட்டை போனால் வீட்டில் வாசிக்க கரண்ட் பில்தான் மிஞ்சும்.

“பொறுங்கோ பிள்ளை,” என்றார் ஆசிரியர் மிஸ்ஸிடம். “பேப்பரிலை ஒரு முழுப்பக்க விமர்சனம் வந்தது. நாலுதரம் வாசிச்சும் அந்த மனுசனுக்குக் கதை பிடிச்சதோ இல்லையோ எண்டு எனக்கு விளங்கேல்லை. வெளியீட்டு விழாவிலை ஆறு பேர் பேசினவை. எல்லாரும் இந்த ஊர் ஆக்கள். உப்புக் கரையும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே!”

“நானும் பேசினேன்தானே, சேர்,” என்றார் மிஸ், மெதுவாக.

“ஓம். நீங்கள் அந்த மழைக் காட்சியைத்தான் புகழ்ந்தனீங்கள்.”

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “முன்னுரைல இருந்ததத்தான் சேர் பேசினேன். கதைய அதுக்குப் பொறகுதான் வாசிச்சேன்.”

ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். “நீங்கள் உப்பளத்திலை வேலை செய்தனீங்களோ?”

“கலியாணத்துக்கு முந்தி மூணு வருசம், சேர்.” அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் வாய் நிற்கவில்லை. “குதிக்கால் வெடிக்கிறத நல்லா எழுதியிரிக்கீங்க. அப்பிடித்தான் எரியும்.”

பரிசு வாங்கியவர் போல அவர் முகம் மலர்ந்தது.

மிஸ் அட்டையைத் திருப்பித் தந்தார். ஆனால் நான் எழுதிய அத்தனை புத்தகங்களிலும் நானே அழித்துக் கொடுக்க வேண்டுமாம்.

“என்ரையை மட்டும் தொடாதேங்கோ,” என்றார் ஆசிரியர். “அடுத்த பதிப்பு வரும்வரைக்கும் இருக்கட்டும்.”

மறுநாள் ஒன்பது மணிக்கு அழிறப்பரோடு போனேன். இருபத்திரண்டு நாவல்கள். பிடித்த இடங்களை மறுபடி வாசித்து வாசித்து அழித்ததில் மூன்றரைக்குத்தான் முடிந்தது.