அடுத்தவருக்குக் கேட்ட ஓட்டு

என் கணவர் சட்டமன்றத்துக்கு மூன்று முறை நின்றார். முதல் இரண்டு முறை தோற்றார், மூன்றாவது முறை ஜெயித்தார். நான்காவது முறை கட்சி அவருக்குச் சீட்டு தரவில்லை. அவருடைய அரசியலைப் பற்றி யாராவது கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். ஆனால் எனக்கு அதிகம் நினைவில் தங்கியிருப்பது அவர் நிற்காத அந்த நான்காவது தேர்தல்தான்.

எங்கள் வீடு மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருந்தது. அவர் எம்.எல்.ஏ. ஆன பிறகு பகலில் வாசல் கதவைச் சாத்தியதே இல்லை. விடிந்ததும் ஆட்கள் வந்துவிடுவார்கள். பட்டா மாறவில்லை, போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, மகளுக்கு நர்சிங் சீட்டு வேண்டும். அவர் சென்னையில் இருக்கும் நாட்களில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி எல்லாவற்றுக்கும் அவருக்குப் பதிலாக நான்தான் போவேன். ஒரு கட்டத்தில் எந்த ஊரில் யார் வீட்டில் அழுதேன் என்பதே குழம்பிப்போனது. அவர் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. அதனால் தாலுகா ஆபீசுக்குப் போனால் அதிகாரிகள் மரியாதையாக உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "பாத்துச் செய்யறோம் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். செய்ய மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், வீட்டுக்கு வந்தவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் வந்தார்கள், அவர் போனார்.

2004-ஆம் வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். ஒரு கன்னம் மழித்தபடியே கிளம்பிப் போனார். மீனவர் குப்பங்களில் அவர் பார்த்ததை என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அடுத்த வருடம் முழுக்க நிவாரணத்திலேயே போனது. கொட்டகை போடுவது, தார்ப்பாய் வாங்குவது, யாருக்குக் கிடைத்தது யாருக்குக் கிடைக்கவில்லை என்ற சண்டையைத் தீர்ப்பது. அந்த ஒரு வருடத்தில் அவருக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது.

கடல் தண்ணீர் உப்பளத்துக்குள்ளும் வந்தது. பாத்திகளில் சேறு படிந்து, வரப்புகள் கரைந்துபோயின. அந்தச் சேற்றை வாரிப் போட்டு மறுபடி உப்பு விளையவைக்கப் பல மாதங்கள் ஆயின. அதுவரை கூலிக்குப் போகிறவர்களுக்கு வேலை இல்லை. ஆனால் உப்பளத்தில் யாரும் சாகவில்லை, யாருடைய படகும் உடையவில்லை. அதனால் அவர்களுடைய நஷ்டம் யார் கண்ணிலும் படவில்லை. இவர் சட்டசபையில் எழுந்து அவர்களுக்கும் நிவாரணம் வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பரிசீலிக்கிறோம்னு சொன்னாங்க" என்றார். அவர் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

2006 தேர்தலுக்கு வேட்பாளர்களை அறிவித்த அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். எங்கள் தொகுதியைச் சொல்லிவிட்டு வேறொருவர் பெயரைச் சொன்னார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் மனை போட்டு விற்பவர், வயதில் இவரைவிட ரொம்பச் சின்னவர். வீட்டில் இருந்த கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி எழுந்து போய்விட்டார்கள். இவர் எழுந்து டி.வி.யை அணைத்தார். பிறகு, "தலைக்கு ஊத்திக்கிறேன், வெந்நீர் போடு" என்றார். வெயில் கொளுத்துகிற நாளில் வெந்நீர் போட்டேன்.

அன்று சாயங்காலமே அந்த வேட்பாளர் சால்வையோடு வந்துவிட்டார். இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "அண்ணே, நீங்கதான் என்னை ஜெயிக்க வைக்கணும்" என்றார்.

"வச்சிடலாம்பா" என்றார் இவர்.

கூடவே அவருடைய மனைவியும் வந்திருந்தாள். மெலிந்த பெண். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தாள். நான்கு மாதக் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள்.

"பொம்பளைங்க ஓட்டு உங்க கையிலதான் அண்ணி இருக்குது" என்று அவள் கணவர் என்னிடம் சொன்னார். "இவளைக் கூட இட்டுக்கினு போங்க. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அன்றிலிருந்து இவரும் வேட்பாளரும் திறந்த ஜீப்பில் போனார்கள். நானும் அவளும் கட்சிப் பெண்கள் சிலரோடு தெருத்தெருவாக நடந்தோம். எந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டும், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால்தான் சந்தோஷப்படுவார்கள், எந்த இரண்டு வீட்டுக்குச் சேர்ந்தாற்போல் போகக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்பாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதல் தேர்தலில் நடந்த என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். பொறாமை வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

ஜீப்பில் போனவர்களின் பாடு வேறு மாதிரி. இவர் ஒவ்வொரு ஊரிலும் மைக்கைப் பிடித்து, "எனக்குப் போட்ட மாதிரியே தம்பிக்கும் போடுங்க" என்று கேட்பார். மேற்கே ஓர் ஊரில் கூட்டத்திலிருந்து யாரோ, "உனுக்கு ரெண்டு வாட்டி போடாமதானண்ணே வுட்டோம்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். இன்னொரு ஊரில் ஒரு பெரியவர் மாலையைக் கொண்டுவந்து வேட்பாளரைத் தாண்டி இவர் கழுத்தில் போட்டுவிட்டார். இவர் உடனே கழற்றி வேட்பாளருக்குப் போட்டார். அடுத்த ஊரிலும் அப்படியே நடந்தது. வேட்பாளர் அதற்குப் பிறகு ஜீப்பில் இவரோடு அதிகம் பேசவில்லை. நான் இதைக் கேட்டபோது, "இனிமே பின்னாடி வண்டியில வாங்களேன்" என்றேன்.

"பின்னாடி வந்தா, கோவிச்சிக்கினு தள்ளி வர்றான்னு சொல்லுவாங்க" என்றார்.

உப்பளத்தில் ஓட்டுக் கேட்பதென்றால் விடிகாலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அவர்கள் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் போனபோது பெண்கள் வரிசையாக உப்புக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு வரப்பு மேல் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்திக் கும்பிடுவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கும். சுமையோடு நிற்பவர்கள் திரும்பக் கும்பிட முடியாது.

ஒரு பெண் மட்டும் கூடையைக் கொட்டிவிட்டு நேரே என்னிடம் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் மாமியார் சாவுக்கு நான் போயிருக்கிறேன்.

"வாம்மா. பாத்தி பூரா சேறாயிக் கெடந்துச்சே, அப்ப உங்க வூட்டுக்காரரு வந்து பாத்துட்டுப் போனாரு. மீன் புடிக்கிறவங்களுக்கு வலை வந்துச்சி, படகு வந்துச்சி. எங்களுக்கு இன்னா வந்துச்சி?"

"அவரு சட்டசபையில கேட்டாரும்மா."

"கேட்டாரு, சரி. வந்துச்சா?"

"வரல" என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு இந்தப் பொண்ணை இட்டாந்துகீற? இதுவும் இதே பதிலச் சொல்றதுக்கா?"

அதற்கு முன்னாலும் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஏதாவது சமாதானம் சொல்லத் தோன்றும். அன்று வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. அவள் சொல்வது சரி என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து அந்த இளம்பெண் என் கையைப் பிடித்தாள். "அக்கா, எனக்கு முடியல" என்றாள் மெதுவாக. திரும்பிப் பார்த்தேன். புடவைத் தலைப்பை இழுத்து மாரை மறைத்துக்கொண்டிருந்தாள். தலைப்பும் நனைந்திருந்தது. முகம் வலியில் வெளுத்துப்போயிருந்தது. குழந்தைக்கு முந்தின ராத்திரி கொடுத்ததோடு சரி. பால் கட்டிக்கொண்டுவிட்டது. சுற்றிலும் வெட்டவெளி, ஆண்கள் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

திட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"கொழந்தைக்கு எத்தினி மாசம்?"

"நாலு" என்றாள் இவள்.

"வுட்டுட்டா வந்துட்ட?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், "வூடு தோ இருக்குது, வா" என்று முன்னால் நடந்தாள்.

சாலை ஓரத்தில் ஒற்றை அறை வீடு. உள்ளே அவள் கணவன் படுத்திருந்தான். "எழுந்து வெளிய போ" என்றாள். அவன் எழுந்து போனான். கதவைச் சாத்தி, அடுப்பில் வெந்நீர் போட்டுவிட்டு, ஒரு சொம்பைக் கழுவிக் கொண்டுவந்தாள். உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன கைகளை உடம்பில் படாமல் ஒதுக்கிக்கொண்டு, துணியை வெந்நீரில் நனைத்து எப்படி ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னாள். நான் செய்தேன். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு பாலைப் பீய்ச்சினாள். வலி குறையக் குறைய அழ ஆரம்பித்தாள். நாங்கள் இருவரும் அவள் அழுது முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளியே கட்சிப் பெண்கள் எங்களைத் தேடுவது கேட்டது. நான் போகவில்லை. அந்தத் தேர்தலில் நான் நிம்மதியாக உட்கார்ந்தது அந்த வீட்டில்தான்.

"பாலக் கால் படற எடத்துல ஊத்தாத, செவுத்தோரமா ஊத்து" என்றாள் அந்த வீட்டுக்காரி. இளம்பெண் அப்படியே செய்தாள். வீட்டுக்காரி நீராகாரம் கொடுத்தாள், குடித்தோம்.

கிளம்பும்போது பழக்கத்தில் என் கை தானாகக் குவிந்தது. "மறக்காம ஓட்டுப் போட்டுடும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தோ பாரு, அது வேற, இது வேற" என்றாள். "இத வெச்சிக் கேக்காத."

நான் கையை இறக்கிவிட்டேன்.

தேர்தல் முடிந்தது. ஓட்டு எண்ணிய அன்று மத்தியானத்துக்குள் எங்கள் வேட்பாளர் தோற்றுவிட்டார். வித்தியாசம் பெரிதில்லை. பெரிதாக இருந்திருந்தால் எங்களை விட்டிருப்பார்கள். கொஞ்சத்தில் தோற்றால் யாராவது காரணமாக இருந்தாக வேண்டும். மாவட்டச் செயலாளர் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். காலையில் போனவரைச் சாயங்காலம்வரை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். திரும்பி வந்து பாத்ரூம் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"உள்ளடி வேலை பாத்தேன்னு சொல்றாங்க. ஊர் ஊரா மாலை வாங்கிக்கினு, அவன ஜனங்க மதிக்காத மாதிரி செஞ்சிட்டேனாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படி எதுவும் செய்யலன்னேன். அதுக்கு மேல என்ன சொல்றது?"

"உங்க கட்சிப் பொறுப்பு என்னாச்சு?"

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே வேணாம்னுட்டேன். சோறு இருக்குதா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. தொண்டை கட்டி, மிளகுப் பால் குடித்துவிட்டு மறுபடி மைக்கைப் பிடித்தவர் அவர். கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் நான் நடந்திருக்கிறேன். இதையெல்லாம் அந்த வேட்பாளர் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தானே. நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கப்போகிறேன் என்றேன்.

"விடு. எனக்குக் கோவப்படக்கூட தெம்பு இல்ல" என்றார். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். ரசம் கேட்டார், ஊற்றினேன்.

சில நாள் கழித்து வேட்பாளரின் மனைவி போன் செய்தாள். கணவர் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துச் செய்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"அக்கா, நான் அவருகிட்ட சொன்னேன்க்கா. அவங்க ரெண்டு பேரும் உண்மையா உழைச்சாங்கன்னு சொன்னேன். கேக்கல."

"சரிம்மா."

"உங்களுக்கு என்மேல வருத்தமாக்கா?"

"இல்லம்மா" என்றேன். உண்மையில் வருத்தம் இல்லை. பிள்ளை குடிக்கிறானா, இரவில் தூங்குகிறானா என்று கேட்டேன். குடிக்கிறான், தூங்கவிடுவதில்லை என்றாள். அவளே போனை வைத்தாள். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. அவள் கணவர் அடுத்த தேர்தலுக்கு அப்போதே வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவளும் கருமாதிகளுக்குப் போகத் தொடங்கியிருப்பாள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரேயடியாக நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். மழைக்காலம் வந்து உப்பளம் மூடியபோது ஒருவரும் வரவில்லை. கார் வேண்டாம் என்று டிரைவரை அனுப்பிவிட்டோம். இவர் மத்தியானத்தில் தூங்கப் பழகினார். எனக்குத்தான் அது வரவில்லை. படுத்தால் வாசலில் யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும்.

மழை விட்டிருந்த ஒரு நாள் காலை, கூனிமேட்டில் முதல் தேர்தலிலிருந்து இவர் கூடவே இருந்த பாய் இறந்துவிட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"நீ போறியா, நான் போகட்டுமா?" என்று இவர் பழக்கத்தில் கேட்டார்.

"ரெண்டு பேருமே போலாங்க" என்றேன்.

பாண்டி பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இவர் நின்றார், நான் பக்கத்தில் நின்றேன். பாதி வழியில், முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து இவரை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து இவரை உட்காரவைத்தார். பிறகு குனிந்து, "எங்க தெருவுல லைட்டு எரியவே இல்லீங்க, ஆறு மாசமா இருட்டுலதான் போறோம்" என்றார்.

"சொல்றேம்பா" என்றார் இவர்.

அந்த ஆள் திருப்தியாக அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனார். நான் இவர் காதருகே குனிந்து, "யார்கிட்ட சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"வாயில வந்துடுச்சி" என்றார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, அரை ஆளுக்கு இடம் விட்டு, "நீ உக்காரு" என்றார்.