முதலில் குளியுங்கள், மெஸ்யூ

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அலுவலகச் சாப்பாட்டு அறையில் நின்றபோது அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அத்தான் எங்களை விட்டுட்டுப் போட்டாரடா." பக்கத்தில் நின்ற சக ஊழியர் மார்க், என்ன நடந்தது என்று கேட்டார். அக்காவின் கணவர் இறந்துவிட்டார் என்றேன். "நான் அவரைப் பார்த்திருக்கிறேனா?" என்றார். பார்த்திருக்கிறார். அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

குணம் அத்தான் சுன்னாகத்தார். மொன்றியலுக்கு முதலில் வந்து, பிறகு அக்காவையும் என்னையும் பொறுப்பேற்று அழைத்தவர். உணவகச் சமையலறைகளில் இடுப்பொடிந்த பிறகு, டவுன்டவுனில் ஜப்பானிய முறைப் பொதுக்குளியலகம் ஒன்றில் சேர்ந்தார். துவாய் மடிப்பார், தரை துடைப்பார், வருவோருக்குக் குளிக்கும் முறை சொல்வார். நான் எல்லாரிடமும் "ஹோட்டல் வேலை" என்றே சொல்லி வைத்திருந்தேன்.

அவருக்கோ அந்த முறைகளில் அப்படியொரு பெருமை. லவாலில் எங்கள் வீட்டுப் பிறந்தநாள்களில் கையில் கேக்கோடு தொடங்கிவிடுவார்.

"முக்காலியிலை இருந்து, சோப்புப் போட்டு வடிவாக் குளிக்கோணும். பேந்துதான் எல்லாருக்கும் பொதுவான சுடுதண்ணித் தொட்டிக்குள்ளை இறங்கலாம்."

"குளிச்சுப்போட்டுப் பேந்து என்னத்துக்கு அத்தான் குளிக்கிறது?" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

"உடுப்போடை இறங்கப்படாது. துவாயைத் தண்ணியிலை நனைக்கப்படாது, தலையிலை வைக்கலாம். மற்ற ஆக்களைப் பார்க்கப்படாது. கண்ணிலை பட்டாலும் காணாத மாதிரி இருக்கோணும். அதுதான் பெரிய மரியாதை."

அதற்குள் நான் அடுத்த கேக் துண்டுக்குப் போயிருப்பேன்.

சென்ற குளிர்காலத்தில் அலுவலகத்தார் அங்கே போக ஏற்பாடு செய்தார்கள். அன்று அத்தானுக்கு லீவு என்று அக்காவிடம் நைசாக விசாரித்துக்கொண்டுதான் போனேன். யாருக்கோ பதிலாக வந்திருந்தார் போலும். நான் கூச்சத்தில் நீச்சல் காற்சட்டையோடு, குளிக்காமல், நேரே தொட்டிக்குள் காலை வைத்தேன். எல்லாரும் திரும்பினார்கள். துவாய்க் கட்டோடு ஓடி வந்தவர் அத்தான். என்னைக் கண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு தமிழ்ச் சொல்லும் பேசவில்லை. குனிந்து, தாழ்ந்த குரலில், முன்பின் தெரியாத ஐயா ஒருவரிடம் சொல்வதுபோல் பிரெஞ்சில், "முதலில் குளியுங்கள், மெஸ்யூ" என்றார். ஒரு முக்காலியைக் கழுவி எனக்கு வைத்தார்.

"உங்கள் நாட்டவர் போலிருக்கிறது. தெரியுமா?" என்றார் மார்க்.

"தெரியாது" என்றேன். அத்தான் அப்போது மூன்றடி தூரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தார். "என்ன தம்பி, சுகமோ?" என்றார். அவ்வளவுதான். அக்காவிடம்கூட மூச்சுவிடவில்லை. ஆனால் அதன்பிறகு எங்கள் வீட்டில் அவர் அந்தக் குளியல் முறைகளைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு எட்டு மாதம் இருந்தது. கேட்கவில்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

நேற்று இறுதிச் சடங்குக்கு மார்க் வந்திருந்தார். பெட்டிக்குள் இருந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்தி, எதையும் காணாதவர்போல் நகர்ந்தார். அந்த மரியாதைக்கு நான் உரியவனல்ல. பின்னால் போய் அவரை நிறுத்தினேன்.

"அன்று முக்காலி வைத்தவர்தான். என் அத்தான். எனக்கு அவரைத் தெரியும்" என்றேன்.

அப்போது எண்ணெயும் அரப்பும் வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டும் சடங்கு அது. கையைக் கழுவிக்கொண்டு போய் அத்தானின் தலையில் வைத்தேன்.

குளித்தாயிற்று, அத்தான். இனி நீங்கள் இறங்கலாம்.